நின்றபடி வேலை செய்பவர்களின் கணினி

பேருந்து நடத்துநருக்கு மேசை கிடையாது. வீடு வீடாக மீட்டர் பார்க்கும் மின் கணக்கீட்டாளருக்கும், பார்சல் கொண்டுவரும் கூரியர்காரருக்கும், மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் படியேறி வரும் ஆசிரியைக்கும் கிடையாது. 1980-களில் கணினி அலுவலகங்களுக்குள் நுழைந்தபோது இவர்கள் வேலையில் பெரிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை. வழக்கம்போலக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தார்கள்; அதை அலுவலகத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கணினியில் ஏற்றினார். ஏற்றி முடிப்பதற்குள் நாளோ வாரமோ ஓடிவிடும். 7 என்று எழுதியது 1 என்று பதிவாகிவிட்டால், எழுதியவரைத் தேடிப் பிடித்துத்தான் திருத்த வேண்டும். கையடக்கக் கணினி முதலில் காலூன்றியது இந்த இடைவெளியில்தான்.

அதன் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆப்பிளின் நியூட்டனில் தொடங்கி, பாம் பைலட் வழியாக ஐபோனில் வந்து முடிப்பார்கள். நான் உருளைக்கிழங்கு வறுவலில் தொடங்குவேன். அமெரிக்காவின் ஃப்ரிட்டோ-லே நிறுவனம், வண்டியில் கடை கடையாகச் சென்று சிப்ஸ் பாக்கெட் போடும் தன் விற்பனையாளர்கள் சுமார் 10,000 பேருக்கு 1980-களின் பிற்பகுதியில் கைக்கருவி கொடுத்தது. எந்தக் கடையில் எத்தனை பாக்கெட் விற்றது, எத்தனை காலாவதியாகித் திரும்பியது என்பதை அவர்கள் கடை வாசலிலேயே பதிந்தார்கள். நாள் முடிவில் அந்தத் தகவல் தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதே காலத்தில், 1986-இல், ஃபெடெக்ஸ் தன் கூரியர்களுக்கு ‘சூப்பர்டிராக்கர்’ என்ற கருவியைக் கொடுத்தது. பார்சல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போதெல்லாம் அதன் பார்கோடை அந்தக் கருவி படித்து, நேரத்தையும் சேர்த்துப் பதிந்தது. இன்று நம் கைபேசிக்கு வரும் ‘உங்கள் பொருள் இன்று வந்து சேரும்’ என்ற செய்தி அந்த வழியில் வந்ததுதான்.

நியூட்டன் வந்தது 1993-இல். விலை சுமார் 700 டாலர். கையால் எழுதினால் புரிந்துகொள்ளும் என்றார்கள். அது புரிந்துகொண்ட விதம் பத்திரிகைக் கேலிச்சித்திரம் வரை போனது. 1998-இல் ஆப்பிள் அதை நிறுத்திவிட்டது. இடையில், 1996-இல் வந்த பைலட் வெற்றிபெற்றதற்குக் காரணம் அது குறைவாகச் செய்ததுதான். அதை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி எடுத்து, அதையே கணினியாகப் பாவித்துக் கூட்டங்களுக்குக் கொண்டுபோனவர். யாராவது தேதி கேட்டால் கட்டையை எடுத்துத் தட்டுவதுபோல் பாவனை செய்வார். எது எத்தனை முறை தேவைப்படுகிறது என்பது அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. நாட்குறிப்பு, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்புகள் ஆகிய நான்கும் பைலட்டில் ஒரே தட்டலில் திறந்தன. இரண்டு சிறிய பேட்டரிகளில் வாரக்கணக்கில் ஓடியது. 90-களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர்கள் மருந்துகளின் அளவையும் ஒன்றோடொன்று ஒவ்வாதவற்றையும் நோயாளியின் கட்டிலருகே நின்றே அதில் பார்க்கத் தொடங்கினார்கள். தடித்த மருந்து நூலைச் சுமந்துகொண்டு வார்டு சுற்ற முடியாது அல்லவா?

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டியது பெங்களூரில் பிறந்த சிம்ப்யூட்டர். இந்தியக் கணினி வரலாற்றில் இவ்வளவு புகழப்பட்டு இவ்வளவு குறைவாக விற்ற கருவி வேறு இருக்குமா என்பது சந்தேகம். இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே முதலானோரும் சேர்ந்து 1999-இல் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். 2001-இல் மாதிரிக் கருவி வெளியானது. உள்ளங்கை அளவு, தொடுதிரை, லினக்ஸ் இயங்குதளம், இந்திய மொழிகளில் எழுத்தைப் படித்துக் காட்டும் குரல். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்தவரும் பயன்படுத்த வேண்டும். விலை 9,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும் என்பது இலக்கு.

அதில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை, பொதுக் கருவிக்குள் தனி உரிமை. கிராமத்துக்கு ஒரு சிம்ப்யூட்டர் போதும். ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் அட்டை இருக்கும். தன் அட்டையைச் செருகினால் கருவி அந்த நேரத்துக்கு அவருடையதாகிவிடும். எடுத்துவிட்டால் அவருடைய விவரம் எதுவும் அதில் தங்காது. வன்பொருள் வடிவமைப்பையும் திறந்த உரிமத்தில் விட்டார்கள். 2004 ஏப்ரலில் பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் ‘அமிடா’ சிம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. மணிக்கட்டை ஓர் ஆட்டு ஆட்டினால் பக்கம் திரும்பும் அசைவு உணரி அதில் இருந்தது. ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு!

ஆனால் விற்பனை சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. விலை ஒரு காரணம்: மலிவான மாடலே 10,000 ரூபாயை ஒட்டி நின்றது, வண்ணத் திரை வேண்டுமானால் அதைப்போல இரண்டு மடங்கு. அதைவிடப் பெரிய காரணம் 2003-இலேயே நடந்துவிட்டது. அந்த ஆண்டு ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் கைபேசி தரத் தொடங்கியது. டார்ச் லைட்டோடு வந்த நோக்கியா 1100-உம் அதே ஆண்டுதான் வந்தது. கிராமத்தவருக்குக் கணினி தேவையா இல்லையா என்று கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருந்தபோது, கிராமத்தவர் தமக்கு வேண்டியதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மண்டி விலை கேட்க மண்டியில் இருக்கும் மாமனைக் கூப்பிட்டால் போதும். அதற்கு எழுத்தைப் படித்துக் காட்டும் மென்பொருள் வேண்டாம்.

சிம்ப்யூட்டர் எடுபட்ட சில இடங்களைப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். கர்நாடகத்தில் நில ஆவணப் பணியில் பயன்பட்டது. சத்தீஸ்கரில் பள்ளிகளில் சோதித்தார்கள். அதாவது, ஒரு வேலையோடு வந்தவரின் கைக்குப் போனபோது அதற்குப் பொருள் இருந்தது. ‘கிராமத்தவர்’ என்ற பொதுப் பெயரோடு நின்றபோது, எதற்கு இது என்ற கேள்விக்கு ஐம்பது பதில்கள் இருந்தன. ஐம்பது பதில் இருக்கும் பொருளை யாரும் பணம் கொடுத்து வாங்குவதில்லை.

ஒரே ஒரு பதில் உள்ள கருவி எப்படி இருக்கும் என்பதற்கு நம் ஊர் நடத்துநரின் டிக்கெட் மெஷினைவிட நல்ல உதாரணம் இல்லை. அதற்கு முந்தைய ஏற்பாடு நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் நினைவிருக்கும். ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு நிறத்தில் டிக்கெட் கட்டு, அதைத் தாங்கும் தகடு, தோளில் தோல் பை, வாயில் விசில். ஸ்டேஜ் வந்ததும் ஒவ்வொரு கட்டிலும் அடுத்து நிற்கும் எண்ணைத் தாளில் எழுத வேண்டும். கூட்டம் அதிகமென்றால், வண்டியை ஓரம் கட்டி, எல்லோரும் டிக்கெட் வாங்கினார்களா என்று பார்த்து எழுதி முடித்த பிறகே விசில் ஊதுவார். உள்ளே வியர்த்து நின்றவர்கள் முனகுவார்கள். செக்கிங் வருகிறவர் முதலில் கேட்பதும் அந்தத் தாளைத்தான்.

மெஷின் வந்தபோது அந்தத் தாள் மெஷினுக்குள் போய்விட்டது. பணிமனையிலிருந்து கிளம்பும் முன்பே வழித்தட எண், ஸ்டேஜ்களின் பெயர், ஒரு ஸ்டேஜிலிருந்து இன்னொன்றுக்கு என்ன கட்டணம் என்ற அட்டவணை எல்லாம் அதில் ஏற்றப்பட்டிருக்கும். நடத்துநர் ஏறும் இடம், இறங்கும் இடம், முழு டிக்கெட்டா அரை டிக்கெட்டா, எத்தனை பேர் என்று நான்கைந்து விசை தட்டினால் சீட்டு வெளியே வரும். ஷிப்ட் முடிந்ததும் கருவியைப் பணிமனைக் கணினியில் இணைத்தால் அன்றைய கணக்கு முழுவதும் இறங்கிவிடும். பிறகு வந்த மாடல்களில் சிம் கார்டு இருப்பதால் அதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இதில் நிர்வாகத்துக்குக் கிடைத்தது வெறும் வசூல் கணக்கு அன்று. எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எந்த டிரிப் காலியாக ஓடுகிறது, காலை எட்டரைக்குக் கூட்டம் எங்கே பிதுங்குகிறது என்ற விவரம் நேரத்தோடு கிடைத்தது. காகித டிக்கெட்டிலும் இந்தத் தகவல் ஒருவாறு இருந்தது. ஆனால் மூட்டை மூட்டையாகக் கிடந்த தாள்களில் யார் உட்கார்ந்து தேடுவது? தமிழகத்தில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. இருந்தாலும் சீட்டு கொடுக்கிறார்கள். காசு வாங்காத பயணத்துக்குச் சீட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சீட்டின் எண்ணிக்கை தெரிந்தால்தான் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடு செய்ய வேண்டிய தொகை தெரியும். அங்கே சீட்டு பயணிக்காக அச்சாவதில்லை, கணக்குக்காக அச்சாகிறது.

நடத்துநர் பக்கத்தில் லாபமும் உண்டு, தொல்லையும் உண்டு. ஸ்டேஜ் கணக்கு எழுதும் வேலை ஒழிந்தது. ஆனால் கூட்டம் நெரியும் நேரம் பார்த்து காகித ரோல் தீரும்; இரண்டாம் ஷிப்டின் கடைசி டிரிப்பில் பேட்டரி இறங்கும். அதனால் கையில் பழைய டிக்கெட் கட்டும் இருக்க வேண்டும். ஸ்டேஜ் தாண்டிய பிறகு கொடுத்த டிக்கெட்டா என்பது சீட்டிலேயே நிமிடக் கணக்கில் தெரிந்துவிடுகிறது. வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள் சட்டைப்பையில் சில வாரம் இருந்தால் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்; அலுவலகத்தில் பயணப்படி கேட்டு இணைப்பவர்கள் உடனே நகல் எடுத்துவைப்பது நல்லது. மீதிச் சில்லறையைச் சீட்டின் பின்னால் எழுதித் தரும் வழக்கத்தை மட்டும் மெஷின் ஒழிக்கவில்லை. 2024-இல் சென்னை மாநகரப் பேருந்துகளில் யுபிஐ வசதியுள்ள கருவிகள் வந்த பிறகுதான் அந்தச் சண்டை கொஞ்சம் தணியத் தொடங்கியது.

நியாயவிலைக் கடையில் இருப்பதும் ஏறக்குறைய இதே வகைக் கருவிதான். ஆனால் அங்கே வேலை சிக்கலானது. நடத்துநரின் மெஷின் தன்னிடம் உள்ள அட்டவணையை வைத்தே பதில் சொல்லிவிடும். ரேஷன் கடைக் கருவி, வந்திருப்பவர் அட்டையில் பெயர் உள்ளவர்தானா என்று விரல் ரேகையை எங்கோ இருக்கும் சர்வரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வழிவிடும். ஆகவே இரண்டு இடத்தில் அது தடுக்கி விழலாம்: வலைத்தொடர்பில், அல்லது விரலில். காலமெல்லாம் கல் சுமந்தோ நாற்று நட்டோ தேய்ந்த விரலில் ரேகை பதியாமல், ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் பாட்டிகளை எந்தக் கடை வாசலிலும் பார்க்கலாம். கருவிழிப் பதிவு பின்னால் சேர்க்கப்பட்டது இதற்காகத்தான்.

இன்னொரு விஷயமும் அங்கே தெரியும். பொருள் வாங்கியதும் குடும்பத் தலைவரின் கைபேசிக்கு எஸ்எம்எஸ் வரும். வாங்காத பாமாயிலை வாங்கியதாக எஸ்எம்எஸ் வந்தது என்ற புகாரைக் கேட்காத ஊர் இல்லை. விரல் ரேகை, வந்தவர் யார் என்பதற்குச் சாட்சி. பை நிறைந்ததா என்பதற்குச் சாட்சி அல்ல. அண்மைக் காலமாக எடைத் தராசையே கருவியோடு புளூடூத் வழியாக இணைப்பது இந்த ஓட்டையை அடைக்கத்தான். தராசு காட்டினால்தான் பில் வரும். வரிசை இன்னும் மெதுவாக நகர்கிறது என்று விற்பனையாளர்கள் குறைப்படுகிறார்கள், அதுவும் நியாயம்தான். ஓட்டையை அடைத்த பொறியாளர் வரிசையில் நின்று பார்க்க வேண்டும்.

கருவி சரியாக அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அளந்து பார்த்த சான்று ஒன்று உண்டு. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் ஊரக வேலைத் திட்டக் கூலியும் ஓய்வூதியமும் விரல் ரேகை ஸ்மார்ட் அட்டை வழியாகக் கொடுக்கப்பட்டதைப் பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோர் பெரிய அளவில் ஆய்வு செய்து 2016-இல் வெளியிட்டார்கள். கூலி விரைவாகக் கிடைத்தது, இடையில் கசிவது குறைந்தது. மக்கள் மிச்சப்படுத்திய நேரத்தின் மதிப்பே திட்டச் செலவுக்கு ஈடாகிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. பயனாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பழைய முறையைவிட இதையே விரும்பினார்கள். அங்கே முக்கியமான ஒன்று, கருவியை வைத்திருந்தவர் ஊருக்குள்ளேயே இருந்தார். மக்கள் கருவியைத் தேடிப் போகவில்லை, கருவி வந்தது.

டிக்கெட் மெஷின் முதல் இதுவரை சொன்ன கருவிகள் எல்லாம் வேலை செய்பவர் கையிலும், அதன் கண் மேலிடத்திலும் இருப்பவை. விதிவிலக்கு ஒன்றைக் கடலில் பார்க்கலாம். நம் கடலோர மீனவர்கள் வைத்திருக்கும் கையடக்க ஜிபிஎஸ் கருவியும் கணினிதான். முன்பு, ‘பார்’ என்று அவர்கள் சொல்லும் மீன் படியும் பாறைத் திட்டை, கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் பின்னால் உள்ள மலையையும் நேர்கோட்டில் வைத்து அடையாளம் பிடிப்பார்கள். கரை மறையும் தூரத்துக்குப் போய்விட்டால் அந்த வித்தை உதவாது. ஜிபிஎஸ் கருவியில் ஒருமுறை இடத்தைக் குறித்துவிட்டால் இருட்டிலும் பனியிலும் அதே இடத்துக்குத் திரும்ப வரலாம்; வலை சிக்கிக் கிழியும் இடத்தைக் குறித்து ஒதுங்கியும் போகலாம். அப்படிச் சேர்த்த புள்ளிகளை எளிதில் யாருக்கும் காட்டமாட்டார்கள். அந்தக் கணக்கு எந்த அலுவலகத்துக்கும் போவதில்லை. குறிப்பவரும் அவரே, பயன்பெறுபவரும் அவரே. அரசு வற்புறுத்தாமலேயே அந்தக் கருவி படகுகளில் பரவியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அரசு வற்புறுத்தியும் பரவாத கதை அமெரிக்காவில் நடந்தது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கைக்கருவியில் எடுப்பதென்று முடிவு செய்து, 2006-இல் ஹாரிஸ் நிறுவனத்துக்குச் சுமார் 60 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். கருவி என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் கடைசிவரை மாறிக்கொண்டே இருந்தது. 2008 ஏப்ரலில், வீடு வீடாகப் போய்க் கேட்கும் கட்டத்துக்குக் காகிதமே போதும் என்று பின்வாங்கினார்கள்; முகவரி சரிபார்க்க மட்டும் கருவி பயன்பட்டது. அதே 2010-இல் பிரேசில் ஏறக்குறைய 2 லட்சம் பேரை ஜிபிஎஸ் உள்ள கைக்கருவியோடு அனுப்பிக் கணக்கெடுத்து முடித்துவிட்டது. பிரேசில்காரர்கள் 2007-இலேயே விவசாயக் கணக்கெடுப்பில் இதைப் பழகியிருந்தார்கள். கேள்வி கேட்கும்போதே கருவி தவறைப் பிடிப்பதுதான் இதன் பெரிய வசதி. தாயின் வயது 25, மகனின் வயது 19 என்று தட்டினால் அங்கேயே கேட்கும், காகிதம் கேட்காது.

இந்தியா 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்புக்குப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த டேப்லெட்டுகளைப் பயன்படுத்தியது. 6 லட்சத்துக்கும் மேல். சிம்ப்யூட்டரைத் தயாரித்த அதே நிறுவனம்! கருவி காகிதத்தை ஒழித்தது. ஆனால் கணக்கெடுப்பாளரோடு கூடவே தரவு உள்ளீட்டாளர் ஒருவரும் வீடு வீடாக நடந்தார். அலுவலகத்தில் உட்கார்ந்து ஏற்றிய அந்த இன்னொருவர், தெருவுக்கு வந்துவிட்டார். அடுத்து வரும் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிக் கருவியே கிடையாது. கணக்கெடுப்பாளர்கள் தங்கள் கைபேசியில் செயலியை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம்.

கைபேசி இந்தக் கருவிகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு வருகிறது என்பது பாதி உண்மை. கிடங்குகளில் இன்றும் தடித்த கைக்கருவிகளைத்தான் வாங்குகிறார்கள். கையுறையோடு அழுத்தலாம், சிமென்ட் தரையில் விழுந்தாலும் தாங்கும், பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். எல்லாவற்றையும்விட, அது நிறுவனத்தின் சொத்து. உடைந்தால் நிறுவனம் மாற்றித் தரும். சொந்தக் கைபேசியில் அலுவலக வேலை செய்பவருக்கு இந்தக் கடைசி வசதி இல்லை. அங்கன்வாடிப் பணியாளர்கள் 2021 முதல் ‘போஷன் டிராக்கர்’ செயலியில் குழந்தைகளின் எடை, உயரம், வழங்கிய சத்துணவு என்று பதிகிறார்கள். இப்போது முகப்பதிவும் சேர்ந்திருக்கிறது. அரசு முன்பு கொடுத்த பழைய கைபேசி அதற்கு ஈடுகொடுக்கவில்லை, புதியது வேண்டும் என்பது அவர்களுடைய போராட்டக் கோரிக்கைகளில் ஒன்று.

ஒரு துறை புதிய செயலியைக் கொண்டுவரும்போது மென்பொருளுக்கு ஒப்பந்தம் போடுகிறது, பயிற்சிக்கு நாள் குறிக்கிறது. தரவுக் கட்டணம், பவர் பேங்க், விழுந்து நொறுங்கிய திரை, சர்வர் படுத்துக்கொண்ட நாளில் எழுதிவைக்க ஒரு பதிவேடு ஆகியவற்றுக்கும் அதே கோப்பில் இடம் ஒதுக்கினால் பெரிய செலவு வராது. இப்போது அந்தச் செலவு இல்லாமல் போய்விடவில்லை. பணியாளரின் சம்பளத்தில் ஏறியிருக்கிறது.